வரைபடத்தில் மஞ்சளும் பச்சையும்: உள்ளாட்சியின் நில முடிவுகள் காலநிலையை எப்படித் தீர்மானிக்கின்றன?

ஒரு நகரத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அது யாரோ பொழுதுபோக்காக வண்ணம் தீட்டிய தாளைப் போலத் தோன்றும். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, வேளாண் நிலத்துக்கும் திறந்தவெளிக்கும் பச்சை என்று பல நாடுகள் ஏறத்தாழ ஒரே வண்ண மரபைப் பின்பற்றுகின்றன. அந்த வண்ணம் ஒவ்வொன்றின் பின்னாலும் சட்டம் நிற்கிறது. பச்சையாக இருக்கும் ஒரு துண்டு நிலத்தில் குடியிருப்பு கட்ட அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அதே துண்டை ஒரு தீர்மானத்தின் மூலம் மஞ்சளாக மாற்றிவிட்டாலோ, அதற்குப் பிறகு அனுமதி மறுக்கத்தான் காரணம் தேட வேண்டியிருக்கும். இவ்வாறு நிலத்தை வகைகளாகப் பிரித்து, எந்த வகையில் எதைச் செய்யலாம் என்று விதிப்பதையே மண்டலப் பகுப்பு என்கிறோம்.

இதற்கும் காலநிலை மாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி இயல்பானது. 2016 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மாநகரில் ஒரு பகுதியை நிர்வகிக்கும் டேரபின் நகர்மன்றம் காலநிலை நெருக்கடியை அறிவித்தது. உலகில் அவ்வாறு அறிவித்த முதல் அரசு அமைப்பு அதுவே. அதற்குப் பின் 2,000-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளும் அரசுகளும் அதே பாணியில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கின்றன. அத்தகைய அறிவிப்புகளும் அவற்றையொட்டி வெளியாகும் காலநிலைச் செயல்திட்டங்களும் பெரும்பாலும் ஒரு மன்றத்தின் எண்ணத்தைச் சொல்பவை. அவற்றை மீறினால் எவருக்கும் தண்டனை இல்லை. மண்டல வரைபடமோ நிலத்தின் உரிமையாளரையும் கட்டுநரையும் அதிகாரியையும் ஒருசேரக் கட்டுப்படுத்துவது. ஆகவே ஓர் உள்ளாட்சியின் உண்மையான காலநிலைக் கொள்கையை அறிய விரும்புபவர் செயல்திட்டத்தின் வழவழப்பான அட்டையைப் புரட்டுவதற்கு முன் இந்த வரைபடத்தை விரித்துப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

முதலில் மண்டல விதி எவற்றையெல்லாம் தீர்மானிக்கிறது என்று பார்க்கலாம். நிலத்தின் பயன் என்ன என்பது ஒன்று. எவ்வளவு கட்டலாம் என்பது மற்றொன்று. இதைத் தளப்பரப்புக் குறியீடு என்ற எண்ணால் சொல்வார்கள். 1,000 சதுர மீட்டர் மனைக்குக் குறியீடு 2 என்றால், எல்லா மாடிகளையும் சேர்த்து 2,000 சதுர மீட்டர் தளம் கட்டலாம். கட்டடத்தின் உயரம், எல்லைச் சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி, மழைநீர் இறங்குவதற்காகக் கான்கிரீட் போடாமல் விட வேண்டிய பரப்பு, ஒரு வீட்டுக்கு எத்தனை கார் நிறுத்துமிடம் என்பனவும் இதே விதித் தொகுப்பில்தான் வருகின்றன. கடைசியாகச் சொன்னது அற்ப விஷயம்போல் தோன்றினாலும் அதற்குப் பின்னர் திரும்பி வருவோம்.

இந்த விதிகள் பிறந்தபோது எவரும் கார்பனை நினைத்துப் பார்க்கவில்லை. நியூயார்க்கில் 1915-இல் கட்டி முடிக்கப்பட்ட ஈக்விட்டபிள் கட்டடம் 38 மாடிகளுடன் தெருவோரத்திலிருந்தே நெட்டுக்குத்தாக எழுந்து சுற்றுவட்டாரத்தை நிழலில் ஆழ்த்தியது. அடுத்த ஆண்டே அந்நகரம் மண்டல விதிகளை இயற்றி, உயரம் கூடக் கூடக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் 1926-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டலப் பகுப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தனி வீடுகள் நிறைந்த பகுதியில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை அத்தீர்ப்பு ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வசிப்பிடம் ஓரிடத்திலும் கடை வேறிடத்திலும் வேலை மற்றோரிடத்திலும் இருக்க வேண்டும், தனி வீட்டுப் பகுதிக்குள் அடுக்குமாடி நுழையக் கூடாது என்ற எண்ணம் அதன் பிறகு பல நகரங்களின் எலும்புக்கூடாகவே ஆகிவிட்டது. புகை கக்கும் ஆலையிலிருந்து வீட்டைப் பிரித்தது நியாயம். பலசரக்குக் கடையையும் பள்ளியையும் வீட்டிலிருந்து பிரித்ததன் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த விலையின் பெயர் தூரம். வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் தூரம் நடக்கக்கூடியதாக இருந்தால் மக்கள் நடப்பார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டராக இருந்து, பேருந்தை நிரப்பும் அளவுக்கு வழியில் மக்கள்தொகையும் இல்லையென்றால் கார் ஒன்றே வழி. அடுத்தடுத்த வீடுகள் சுவரைப் பகிர்ந்துகொண்டால் குளிரூட்டவும் வெப்பமூட்டவும் ஆகும் ஆற்றல் குறையும். தனித்தனியாகப் பரந்து கிடந்தால் சாலை, குழாய், மின்கம்பி என அனைத்தும் நீளும், ஒவ்வொரு மீட்டருக்கும் சிமெண்டும் எஃகும் செலவாகும். ஐக்கிய நாடுகள் அவையின் காலநிலை அறிவியல் குழு, 2020-இல் உலகப் பசுங்குடில் வாயு உமிழ்வில் 67 முதல் 72 விழுக்காடு வரை நகரங்களின் நுகர்வைச் சார்ந்தது என்று மதிப்பிட்டுள்ளது. ஒரு காரை மாற்றப் பத்து ஆண்டு போதும், ஒரு மின்நிலையத்தை மாற்ற நாற்பது ஆண்டு ஆகலாம்; ஒரு முறை வகுக்கப்பட்ட தெருவமைப்போ நூற்றாண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. மண்டல முடிவுகளில் வரும் தவறு மற்றத் தவறுகளைவிட ஆபத்தானதாக இருப்பதற்கு இந்த ஆயுள்தான் காரணம்.

தூரத்தைக் கட்டுப்படுத்த வரைபடத்தைப் பயன்படுத்திய நகரங்களுள் கோபன்ஹேகன் பழமையானது. 1947-இல் அங்கு வரையப்பட்ட ‘விரல் திட்டம்’ நகரின் மையத்தை உள்ளங்கையாகவும் புறநகர் ரயில் பாதைகளை விரல்களாகவும் கொண்டது. வளர்ச்சி விரல்களின் மீதே நிகழ வேண்டும், விரல்களுக்கு இடையே உள்ள நிலம் பசுமையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் இது சட்ட வடிவம் பெற்றபோது, 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய அலுவலகங்கள் ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் தொலைவுக்குள் அமைய வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. காரில் வராதீர்கள் என்று யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டிய தேவையை அந்த 600 மீட்டர் பெருமளவு குறைத்துவிடுகிறது.

ஏற்கனவே பரந்துவிட்ட நகரம் என்ன செய்யலாம்? நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ஆம் ஆண்டுத் திட்டத்தில் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் முன்பைவிட நெருக்கமாகக் கட்ட அனுமதித்தது; அடுத்த ஆண்டுகளில் கட்டட அனுமதிகள் வெகுவாக உயர்ந்தன, அவற்றில் பெரும்பகுதி தொடர் வீடுகளாகவும் அடுக்குமாடிகளாகவும் இருந்தன. கார் நிறுத்துமிடக் கட்டாயத்தை நீக்குவது இன்னொரு வழி. வீட்டுக்கு இத்தனை நிறுத்துமிடம் கட்டியே தீர வேண்டும் என்ற விதி, காரே இல்லாதவரிடமிருந்தும் காருக்கான செலவை வாடகையோடு சேர்த்து வசூலிக்கிறது. நகரின் கணிசமான பரப்பைத் தார்ப் பாலையாக்குகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரமும் மெக்சிகோ நகரமும் 2017-இல் இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டன. நிறுத்துமிடம் கட்டக் கூடாது என்று அவை சொல்லவில்லை. வேண்டுமென்றால் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டன.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொடக்கநிலையில் பலரும் இடறும் இடம் அதில் தெளிவாகத் தெரிகிறது. 2018 டிசம்பரில் அந்நகர மன்றம் நிறைவேற்றிய நீண்டகாலத் திட்டம், தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற மண்டலத்தை நகரம் முழுவதும் ஒழித்து, எந்தக் குடியிருப்பு மனையிலும் மூன்று வீடுகள் வரை கட்ட வழி செய்தது. உமிழ்வைக் குறைப்பதும் அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதை நீதிமன்றத்துக்கு இழுத்தவர்களோ சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று முறையிட்ட குழுக்கள். திட்டம் அனுமதிக்கும் அத்தனை வீடுகளும் கட்டப்பட்டால் மண் மூடப்படும், மழைநீர் பெருகி ஓடும், மரங்களும் உயிரினங்களும் பாதிக்கப்படும் என்பது அவர்கள் வாதம். நீதிமன்றங்கள் திட்டத்தைச் சில காலம் நிறுத்தியும் வைத்தன. 2024-இல் மாநிலச் சட்டமன்றம் இத்தகைய திட்டங்களுக்கு விலக்களித்த பிறகே சிக்கல் தீர்ந்தது.

இரு தரப்பும் சூழலின் பெயரால் பேசினார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. வேறுபாடு கணக்கின் எல்லையில் இருக்கிறது. நகருக்குள் ஒரு மனையில் இரண்டு வீடுகள் கூடுதலாக எழுந்தால் அந்தத் தெருவில் ஒரு மரம் போகிறது. அது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இரண்டு குடும்பங்களும் நகருக்குள் இடம் கிடைக்காமல் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால், அங்கே அழியும் வயலும் அன்றாடம் எரியும் பெட்ரோலும் இந்த நகரத்தின் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. உள்ளாட்சியின் அதிகாரம் எல்லைக்கல்லோடு முடிகிறது. அதன் முடிவின் விளைவு முடிவதில்லை. ஆகவே நெருக்கமான கட்டுமானத்தை ஆதரிக்கும்போதோ எதிர்க்கும்போதோ, இங்கே கட்டாவிட்டால் எங்கே கட்டுவார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இதுவரை சொன்னது உமிழ்வைக் குறைப்பது பற்றியது. இதைத் தணிப்பு என்பார்கள். வந்துவிட்ட மாற்றத்தைத் தாங்க ஆயத்தமாவது தகவமைப்பு. தகவமைப்பில் மண்டல வரைபடத்துக்கு உள்ள பங்கை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தைப்போல் விளக்கமாகக் காட்டும் இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குன்றுகள் சூழ்ந்த கிண்ணம்போன்ற பள்ளத்தில் அமைந்த ஊர் அது; காற்று வேகம் குறைவு, வெப்பமும் புகையும் தேங்கும். அதனாலேயே 1938 முதல் நகர நிர்வாகத்தில் காலநிலை வல்லுநருக்கு இடம் உண்டு. புவி வெப்பமடைதல் பொதுப் பேச்சுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த ஊருக்குத் தன் காற்றைப் பற்றிய கவலை இருந்திருக்கிறது.

அங்கே நடப்பது இதுதான். தெளிவான இரவில் குன்றின் மேலுள்ள புல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு விரைவில் குளிர்கிறது; அதைத் தொட்டுநிற்கும் காற்றும் குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று தண்ணீரைப்போலவே சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தாக்குகள் வழியே நகருக்குள் பாய்ந்து, பகலெல்லாம் சூடேறிய தெருக்களை ஆற்றுகிறது. சரிவின் குறுக்கே நீளமான கட்டடம் ஒன்று எழுந்தால் அது ஓடைக்குக் குறுக்கே போட்ட அணைதான். ஆகவே எந்தச் சரிவு குளிர்காற்றை உருவாக்குகிறது, எந்தப் பள்ளம் அதைச் சுமந்து வருகிறது என்று காலநிலை வரைபடம் தயாரித்து, அதன் அடிப்படையில் நகரம் தன் கட்டுமானத் திட்டங்களில் சில சரிவுகளைக் கட்டுமானமின்றி விட்டுவைக்கிறது, சிலவற்றில் கட்டடங்களுக்கு இடையே காற்றுவழி விடச் சொல்கிறது. இதிலிருந்து எழும் ஒரு பாடம் எங்கும் பொருந்தும்: பசுமை நிலத்தின் மதிப்பு அதன் பரப்பில் மட்டுமன்றி அது இருக்கும் இடத்திலும் உள்ளது. இங்கே ஒரு ஏக்கர் எடுத்துக்கொண்டு வேறெங்கோ இரண்டு ஏக்கரில் மரம் நடுகிறோம் என்ற பேரம், காற்று வரும் வாயிலை அடைத்துவிட்டுப் பின்கட்டில் ஜன்னல் வைப்பதற்கு ஒப்பாகும்.

வெள்ளத்துக்கு வருவோம். 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த ஆண்டு அந்நகரம் வகுத்த பெருமழைத் திட்டம் வெறும் குழாய்களை நம்பவில்லை. எந்தத் தெரு வெள்ளத்தைச் சுமக்கும், எந்தப் பூங்கா அதைத் தற்காலிகமாகத் தேக்கும் என்று நிலத்துக்கே வேலை பிரித்துக் கொடுத்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நிலைமை வேறு. வழக்கமான மண்டலப் பகுப்பே இல்லாத பெருநகரம் என்று பெயர்பெற்ற அந்த ஊர், 2017-இல் ஹார்வி புயல் வந்து போன பின், வெள்ளச் சமவெளியில் கட்டப்படும் புதிய கட்டடங்களின் தளம் ‘500 ஆண்டு வெள்ள’ மட்டத்துக்கு மேல் இரண்டு அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று 2018-இல் விதித்தது. நகர மன்றத்தில் அந்த விதி 9-க்கு 7 என்ற வாக்குகளில்தான் தப்பியது. அத்தனை பெரிய அழிவுக்குப் பின்னும் இரண்டு வாக்கு வித்தியாசம்.

‘500 ஆண்டு வெள்ளம்’ என்பது 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று பொருள்படாது. எந்த ஓர் ஆண்டிலும் அது வர 0.2 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். ‘100 ஆண்டு வெள்ளம்’ என்றால் ஆண்டுக்கு 1 விழுக்காடு. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் எடுத்தவர் அக்கடன் முடிவதற்குள் 100 ஆண்டு வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. நாலில் ஒன்றுக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கும் கடந்தகால மழைப் பதிவுகளின் மீது போடப்படுவது. மழையின் தன்மை மாறும்போது வரைபடத்தின் கோடு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்.

மண்டல விதி காலநிலைக்கு எதிராகவும் நிற்க முடியும். இங்கிலாந்தில் 2015-இல் வந்த கொள்கை மாற்றத்தின்படி, உள்ளூர்த் திட்டத்தில் முன்கூட்டியே குறிக்கப்பட்ட இடத்தில், உள்ளூர் மக்களின் ஆதரவும் இருந்தால் மட்டுமே நிலத்தில் காற்றாலை நிறுவலாம் என்றானது. சொல்லளவில் அது மக்களாட்சி, செயலளவில் தடை. 2024-இல்தான் அது விலக்கப்பட்டது. ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2014-இல், காற்றாலைக்கும் குடியிருப்புக்கும் இடையே காற்றாலையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வேண்டும் என்றது. 200 மீட்டர் உயரக் காற்றாலைக்கு 2 கிலோமீட்டர். ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் நிலத்தில் அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. பின்னர் ஜெர்மனியின் கூட்டாட்சிச் சட்டமே, 2032-க்குள் நாட்டின் நிலப்பரப்பில் 2 விழுக்காட்டைக் காற்றாலைக்கு ஒதுக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. எவ்வளவு நிலம் என்பதை மேலே உள்ள அரசும் எந்த நிலம் என்பதைக் கீழே உள்ள அமைப்பும் முடிவு செய்யும் இந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகவே படுகிறது, ஏனெனில் பொதுத் தேவையை மறுக்கும் அதிகாரம் ஒவ்வோர் ஊருக்கும் கிடைத்தால் எல்லா ஊரும் அதையே செய்யும்.

உள்ளூர் அனுமதி ஒன்றின் விளைவு எதுவரை கணக்கில் வரும் என்ற கேள்வியை நீதிமன்றங்களும் எதிர்கொண்டுள்ளன. இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட மன்றம் 2019-இல் ஓர் எண்ணெய்க் கிணற்று விரிவாக்கத்துக்கு அனுமதி அளித்தபோது, கிணற்றடியில் வெளியாகும் வாயுக்களை மட்டும் மதிப்பிட்டது; எடுக்கப்படும் எண்ணெய் எங்கோ எரிக்கப்படும்போது வெளியாவதை விட்டுவிட்டது. 2024 ஜூனில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அது தவறு என்று 3-க்கு 2 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. எல்லைக்கல்லுக்கு அப்பால் போகும் புகையும் மன்றத்தின் கோப்பில் இடம்பெற வேண்டும் என்பதே இதன் பொருள்.

இனி, மிகக் கடினமான முடிச்சு. பச்சையை மஞ்சளாக்கினால் உரிமையாளரின் சொத்து ஒரே நாளில் பெருகுகிறது. மஞ்சளைப் பச்சையாக்கினால் ஒரே நாளில் சுருங்குகிறது. முதலாவதற்கு எந்த உரிமையாளரும் வழக்குத் தொடுப்பதில்லை. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் 1988-இல் இயற்றிய கடற்கரைச் சட்டத்தால், ஈராண்டு முன்பு ஒருவர் வாங்கியிருந்த இரண்டு மனைகளில் வீடு கட்ட முடியாமல் போயிற்று. நிலத்தின் பொருளாதாரப் பயன் முழுவதையும் பறித்தால் பொதுவாக இழப்பீடு தர வேண்டும் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இறுதியில் மாநில அரசு அந்த மனைகளை விலைக்கு வாங்கியது. வாங்கியபின், செலவை ஈடுகட்ட, கட்டுமானத்துக்கே விற்றுவிட்டது.

நியூசிலாந்தின் மட்டட்டா என்ற சிற்றூரில் இம்முடிச்சு வேறு விதமாக அவிழ்ந்தது. 2005-இல் பெருமழையில் மலையிலிருந்து பாறையும் சேறும் இறங்கி, ஓடைவாயில் இருந்த வீடுகளை அழித்தன. தடுப்புக் கட்டுமானங்கள் சாத்தியமில்லை என்று தெரிந்தபின், வட்டார மன்றம் திட்டத்தைத் திருத்தி, 2021 மார்ச் 31-க்குப் பிறகு அந்த நிலத்தில் குடியிருப்பதையே தடைசெய்யப்பட்ட பயனாக்கியது. மைய அரசும் வட்டார, மாவட்ட மன்றங்களும் சேர்ந்து 1.5 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கி வீடுகளை விலைக்கு வாங்கின. ஒரு சிறிய தெருக்கூட்டத்தை நகர்த்த ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆயின. கட்டிய பின் திருத்துவதற்கு ஆகும் காலமும் பணமும் எவ்வளவு என்பதற்கு இதுவே அளவுகோல்.

இவற்றை அறிந்த ஒருவர் தன் ஊர் முடிவுகளில் கருத்துச் சொல்ல நினைத்தால், எந்தக் கட்டத்தில் சொல்வது என்பது முக்கியம். பொதுவாக மூன்று கட்டங்கள் உண்டு. முழு நகரத்துக்கான திட்டத்தின் வரைவு வெளியிடப்பட்டு மக்களின் ஆட்சேபம் கேட்கப்படுவது முதல் கட்டம். குறிப்பிட்ட துண்டு நிலத்தின் வகையை மாற்றக் கோரும் விண்ணப்பம் இரண்டாவது. கட்டட அனுமதி மூன்றாவது. பொக்லைன் வந்து நிற்கும் மூன்றாவது கட்டத்தில்தான் மக்கள் பெரும்பாலும் திரண்டு வருகிறார்கள். அப்போது அதிகாரி வரைபடத்தை எடுத்துக் காட்டி, விதிக்குட்பட்ட விண்ணப்பத்தை மறுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்பார், அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அந்த நிலத்தின் வண்ணம் சில ஆண்டுகளுக்கு முன், முதல் கட்டத்தில், பெரும்பாலும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்த ஒரு கேட்புக் கூட்டத்தில் முடிவாகியிருக்கும்.